டீ ஆறுவதற்குள் ஒரு ஆட்டம்

வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியைச் சின்னப் பலகையில் ஆடும் வகைகளைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

காளவாசலில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையும் மாலையும் டீக்குப் பதினைந்து நிமிடம், மதியம் முக்கால் மணி நேரம். செஸ் ஆரம்பித்தால் பாதியில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. வேகமாக ஆடினால் கடிகாரத்தோடுதான் சண்டை. சின்ன ஷோகி சரிப்படுமா? எதில் தொடங்கலாம்?

நன்றாகவே சரிப்படும். செஸ்ஸில் காய்கள் வெட்டுப்பட்டுக் குறையக் குறைய, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று காய்களை வைத்துக்கொண்டு இழுத்தடிக்க வேண்டிவரும். ஷோகியில் அந்த நிலையே வராது. வெட்டிய காய் வெட்டியவருக்குச் சொந்தம். உங்கள் முறை வரும்போது பலகையில் ஒரு காயை நகர்த்தலாம். இல்லையென்றால் கையிலிருக்கும் காயை ஏதாவதொரு காலிக் கட்டத்தில் உங்கள் காயாக இறக்கலாம். அதனால் ஆட்டம் முற்ற முற்ற ராஜாவைச் சுற்றி நெருக்கடி கூடும். பலகை சின்னதாக இருந்தால் அந்த நெருக்கடி நாலாவது ஐந்தாவது நகர்விலேயே வந்துவிடும்.

பெரிய ஷோகி 9×9 கட்டம், ஆளுக்கு 20 காய். ஜப்பானில் பட்டப் போட்டிகளில் ஒரே ஆட்டம் இரண்டு நாள் நடப்பதுண்டு. டீ இடைவேளைக்கு 3×4 கட்டப் பலகையில் ஆடும் டோபுட்சு ஷோகி போதும். ஆளுக்கு இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டால் ஒரு டீக்கு மூன்று ஆட்டம் போடலாம். மதியத்துக்கு 5×5 மினி ஷோகி. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் போனாலும், ஆளுக்கு எட்டு நிமிடம் என்று போனில் செஸ் கடிகாரம் வைத்தால் பதினாறு நிமிடத்துக்கு மேல் போகாது.

செஸ்ஸில் எவ்வளவு தேறியவராக இருந்தாலும் 3×4-லேயே தொடங்குங்கள். செஸ் ஆடுபவரின் கண் பலகையை மட்டும் பார்த்துப் பழகியது. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் பழக்கம், 12 கட்டத்தில் பத்து ஆட்டம் தோற்றால்தான் வரும்.

திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியை. மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டோபுட்சு ஷோகி சொல்லிக்கொடுக்க ஆசை. விதிகளை முழுதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள்?

இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்காகவே 2008-இல் உருவாக்கியவர் மடோகா கிதாவோ என்ற தொழில்முறை ஷோகி வீராங்கனை. காய்களின் படங்களை வரைந்தவர் மைக்கோ ஃபுஜிதா. எந்தப் பக்கமெல்லாம் போகலாம் என்பதைக் காட்டும் புள்ளிகள் காயின் மேலேயே இருக்கும். அதனால் மனப்பாடம் தேவையில்லை.

குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு கட்டம். உங்கள் பக்கக் கடைசி வரிசையில் இடமிருந்து வலமாக யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. சிங்கத்துக்கு முன்னால் கோழிக்குஞ்சு. எதிராளிக்கும் இதே அடுக்குதான், அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது. ஆக இரண்டு குஞ்சுகளும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாக் காய்களும் ஒரு முறைக்கு ஒரே கட்டம்தான் நகரும். சிங்கம் எட்டுத் திசையிலும், ஒட்டகச்சிவிங்கி நேராக நான்கு திசையில், யானை சாய்வாக நான்கு திசையில், குஞ்சு முன்னால் மட்டும். குஞ்சு எதிராளியின் கடைசி வரிசைக்குள் நடந்து போனால் திருப்பிப் போட வேண்டும், அது கோழியாகிவிடும். கோழிக்குப் பின்பக்கச் சாய்வு இரண்டும் கிடையாது, மற்ற ஆறு திசையிலும் போகும்.

ஜெயிக்க இரண்டு வழி. எதிராளியின் சிங்கத்தைப் பிடிப்பது ஒன்று. உங்கள் சிங்கம் எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய், அங்கே அடுத்த நகர்விலேயே பிடிபடாமல் நிற்பது இன்னொன்று. இரண்டாவது வழியைப் பிள்ளைகள் மறந்தேவிடுவார்கள். எதிர்ச் சிங்கம் நடுக்கோட்டைத் தாண்டியதும் வாசலை அடைக்க வேண்டும் என்பதை முதல் நாளே ஆடிக் காட்டிவிடுங்கள்.

தடுமாற்றம் பெரும்பாலும் யானையில்தான். நம் செஸ்ஸில் யானை நேராகப் போகிற காய். அதைப் பழகிய பிள்ளை இங்கேயும் யானையை நேராகத் தள்ளும். ‘இங்கே நேராகப் போவது ஒட்டகச்சிவிங்கி’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செஸ் சிப்பாய் சாய்வாக வெட்டும்; குஞ்சு எதிரே இருப்பதைத்தான் வெட்டும். கோழியை வெட்டினால் அது குஞ்சாகத்தான் கைக்கு வரும். கோழிப் பக்கத்தோடு அப்படியே இறக்கிவிடுவது அடுத்த தவறு. கையிலிருக்கும் குஞ்சைக் கடைசி வரிசையில் நேராக இறக்கினால் அது கோழியாகாது. இறக்கும்போது காலிக் கட்டத்தில்தான் இறக்கலாம், வெட்ட முடியாது. ஆனால் இறக்கிய இடத்திலிருந்தே சிங்கத்தை மிரட்டலாம், அதற்குத் தடையில்லை.

வெட்டிய காய்களைப் பலகையின் வலப்பக்கத்தில், இருவருக்கும் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொள்வார்கள். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

உசிலம்பட்டி. அப்பாவுக்கு எழுபது வயது. ஆடுபுலி, தாயம் நன்றாக ஆடுவார், செஸ் தெரியாது. அவருக்கு இது பிடிபடுமா?

செஸ் தெரிந்தவரைவிட அவருக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆடுபுலி ஆட்டத்தில் பதினைந்து ஆட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காலி இடம் பார்த்து இறக்குகிறோமே, ஷோகியில் கைக்காயை இறக்குவதும் அந்தக் கணக்குதான். எந்த இடத்தில் இறக்கினால் புலிக்கு வழி அடைபடும் என்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், இங்கே தாண்டல் இல்லை, எதிராளி காய் நிற்கும் கட்டத்துக்குள் போய்த்தான் வெட்ட வேண்டும்.

மேலூர். கடையில் கிடைக்கவில்லை, வீட்டிலேயே செய்ய முடியுமா? கேரம் காய்களில் பெயர் எழுதி ஆடிப் பார்த்தோம், யாருடைய காய் என்றே தெரியாமல் குழம்பிவிட்டது.

குழப்பம் வந்தது இயல்புதான். ஷோகியில் ஒரு காய் யாருடையது என்பதை நிறம் சொல்லாது, அது பார்க்கும் திசைதான் சொல்லும். வெட்டுப்பட்ட காய் ஆள் மாறுவதால் கறுப்பு வெள்ளை என்று நிறம் பிரித்தால் ஆட்டமே நடக்காது. வட்டக் காய்க்கு முன் பின் கிடையாது, அதுதான் சிக்கல். கேரம் காயிலேயே ஆட வேண்டுமென்றால் நிறத்தைக் கண்டுகொள்ளாமல், ஒவ்வொரு காயிலும் இரண்டு பக்கமும் பெரிதாக அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

நிலையாக வைத்துக்கொள்ளப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லது. பலகைக் கட்டம் ஒவ்வொன்றும் 4 செ.மீ.; அப்படியானால் 3×4 பலகை 12 × 16 செ.மீ., 5×5 பலகை 20 × 20 செ.மீ. காய் 3 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம். மேல் விளிம்பின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, இரு பக்க விளிம்பிலும் மேலிருந்து 1 செ.மீ. கீழே ஒரு புள்ளி வைத்து, நடுப்புள்ளியையும் பக்கப் புள்ளிகளையும் இணைத்து வெட்டினால் முனை வைத்த ஐங்கோணம் கிடைக்கும். முனை எதிராளியைப் பார்த்தால் அது உங்கள் காய். 3×4-க்கு மொத்தம் 8 காய், 5×5-க்கு 12.

ஒற்றை அட்டை மதுரை வெயிலில் ஃபேன் போட்டதும் பறந்துவிடும். மூன்று அட்டையை ஒட்டி ஒரு காயாக்குங்கள். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். பசையில் உள்ள ஈரத்தில் அட்டை ஒரு பக்கம் ஊறி உப்பும். எடை வைக்காமல் காயவிட்டால் தோணி மாதிரி வளைந்துகொள்ளும், பிறகு நிமிராது. வெட்டுகிற வேலையை ஒட்டிக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வெட்டி ஒட்டினால் ஓரங்கள் பொருந்தாது.

முதலில் ஆடுபவருக்குத்தான் சாதகம் என்கிறான் நண்பன். உண்மையா? – வாடிப்பட்டி

டோபுட்சு ஷோகியில் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தனகா டெட்சுரோ 2009-இல் இந்த ஆட்டத்தைக் கணினியால் முழுதாக அலசிவிட்டார். வரக்கூடிய நிலைகள் 24,68,03,167. இருவரும் பிசகில்லாமல் ஆடினால் இரண்டாவதாக ஆடுபவர் 78-ஆவது நகர்வில் ஜெயிக்கிறார். அந்த 78 நகர்வையும் மனத்தில் வைத்து ஆடுகிறவர் உங்கள் ஆபீசில் இருக்கப்போவதில்லை. ஆகவே ஒரு ஆட்டம் நீங்கள் முதல், அடுத்தது அவர் முதல் என்று மாறி மாறி ஆடினால் போதும்.

தொடக்கத்தில் முதல் ஆளுக்கு நான்கே நகர்வுகள்தான் உண்டு: குஞ்சால் குஞ்சை வெட்டுவது, ஒட்டகச்சிவிங்கியை ஒரு கட்டம் முன்னே விடுவது, சிங்கத்தை இடமாகவோ வலமாகவோ சாய்வாக முன்னே எடுப்பது. யானைக்கு வழியே இல்லை. அவர் குஞ்சை வெட்டினால் உடனே உங்கள் சிங்கத்துக்கு மிரட்டல். அந்தக் குஞ்சைத் திருப்பி வெட்ட இரண்டு காய்களால் முடியும், சிங்கம் அல்லது யானை. சிங்கத்தால் வெட்டினால் அது நடுவுக்கு வந்து நிற்கும். அவர் கையிலிருக்கும் குஞ்சைச் சிங்கத்தின் மூக்குக்கு நேரே இறக்குவார். அந்தக் குஞ்சுக்குப் பின்னால் அவருடைய சிங்கமும் யானையும் காவல், தொட முடியாது. சிங்கம் விலகியே ஆக வேண்டும், ஒரு நகர்வு வீண். யானையால் வெட்டினால் அதே இடத்தில் அவர் குஞ்சை இறக்கினாலும் மிரட்டல் யானைக்குத்தான். யானைக்கு உங்கள் சிங்கம் பின்னால் நின்று காவல் கொடுக்கிறது.

தல்லாகுளம். கல்லூரி செஸ் அணியில் ஆடுகிறேன். 5×5 மினி ஷோகியில் அடுக்கும் முக்கிய விதிகளும் வேண்டும். முதல் ஐந்தாறு நகர்விலேயே காய்களை இழந்துவிடுகிறேன், ஏன்?

இந்த வகையைப் பரப்பியவர் ஒசாகாவைச் சேர்ந்த குசுமோட்டோ ஷிகெனோபு, 1970 வாக்கில். உங்கள் கடைசி வரிசையில் இடமிருந்து வலமாக ராஜா, தங்கம், வெள்ளி, பிஷப், ரூக் (நம் செஸ் யானை). ராஜாவுக்கு முன் ஒரே ஒரு சிப்பாய். எதிராளிக்கும் அவர் பக்கத்திலிருந்து இதே அடுக்கு. ராஜாவும் ரூக்கும் பிஷப்பும் செஸ்ஸில் போவது போலத்தான். தங்கம் டோபுட்சு கோழியைப் போல. வெள்ளி முன்பக்கம் மூன்று திசை, பின்பக்கச் சாய்வு இரண்டு. சிப்பாய் முன்னால் ஒரு கட்டம் போகும், அதே கட்டத்தில்தான் வெட்டும்.

எதிராளியின் கடைசி வரிசை மட்டும்தான் பதவி உயர்வு இடம். அந்த வரிசைக்குள் நுழையும்போதோ, அங்கிருந்து வெளியேறும்போதோ, அதற்குள்ளேயே நகரும்போதோ காயைத் திருப்பலாம். சிப்பாயும் வெள்ளியும் தங்கமாக நடக்கும். ரூக்குக்குச் சாய்வாக ஒரு கட்டமும், பிஷப்புக்கு நேராக ஒரு கட்டமும் கூடும். தங்கத்துக்கும் ராஜாவுக்கும் உயர்வு இல்லை. கையிலிருந்து இறக்கும் காய் எப்போதும் திருப்பாத பக்கமாகத்தான் இறங்கும். சிப்பாய்க்கு மட்டும் மூன்று தடை: ஒரே நெடுவரிசையில் உங்களுடைய திருப்பாத சிப்பாய் இன்னொன்று இருந்தால் இறக்கக் கூடாது, கடைசி வரிசையில் இறக்கக் கூடாது, சிப்பாயை இறக்கி அதாலேயே செக்மேட் ஆக்கக் கூடாது. டோபுட்சுவில் குஞ்சை இறக்கிச் சிங்கத்தை மடக்கலாம், ஒரே நெடுவரிசையில் இரண்டு குஞ்சும் வைக்கலாம். இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுபவர்கள் இந்த இடத்தில் தவறாமல் சிக்குவார்கள்.

இனி நீங்கள் காய் இழக்கும் காரணம். அடுக்கி முடித்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். உங்கள் ரூக் வலது மூலையிலிருந்து நேர் எதிரே எதிராளி ராஜாவின் சிப்பாயைக் குறி வைத்தபடிதான் நிற்கிறது. முதல் நகர்வில் பிஷப்பை இடப்பக்கம் சாய்வாக ஒரு கட்டம் எடுத்தால் அதே சிப்பாய்மீது இரண்டாவது தாக்குதலும் விழும். செஸ் ஆடுபவருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தச் சிப்பாய்க்குத் தங்கமும் ராஜாவும் காவல். ரூக்கால் வெட்டுகிறீர்கள், தங்கம் ரூக்கை வெட்டுகிறது. பிஷப்பால் தங்கத்தை வெட்டுகிறீர்கள், ராஜா பிஷப்பை வெட்டுகிறார். உங்கள் கையில் ஒரு சிப்பாய், ஒரு தங்கம். அவர் கையில் ரூக், பிஷப். செஸ்ஸாக இருந்தால் அவை இரண்டும் பெட்டிக்குள் போயிருக்கும். இங்கே அடுத்த நகர்விலேயே உங்கள் ராஜாவுக்கு எதிரே வந்து இறங்கும். ஒரு காயை வெட்டக் கொடுப்பது இங்கே இரட்டை நஷ்டம். காவலை எண்ணும்போது ராஜாவையும் சேர்த்து எண்ணுங்கள், எண்ணி முடித்ததும் அவர் கையைப் பாருங்கள்.

முடிக்கும் இடத்தில் ஒரு உபாயம். தங்கத்தைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். எதிராளி ராஜா கடைசி வரிசையில், அவருக்கு முன் ஒரு கட்டம் காலி, அதற்கு முந்திய கட்டத்தில் உங்கள் சிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள காலிக் கட்டத்தில் தங்கத்தை இறக்குங்கள். தங்கத்துக்குச் சிப்பாய் காவல். ராஜாவின் இரு பக்கக் கட்டங்களும் முன்சாய்வுக் கட்டங்களும் தங்கத்தின் பிடிக்குள். வேறு காய் எதுவும் தங்கத்தை வெட்ட முடியாதென்றால் ஆட்டம் முடிந்தது. அங்கே வெள்ளியை இறக்கினால் ராஜா சாய்வாக முன்னே நழுவிவிடுவார்.

திரும்பத் திரும்ப ஒரே நகர்வை ஆடினால் என்ன செய்வது? இடைவேளை முடிந்து பாதியில் நின்றால்? – சிம்மக்கல்

டோபுட்சுவில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் சமன். மினி ஷோகியில் நான்காம் முறை வந்தால் முதலில் ஆடத் தொடங்கியவர் தோற்றவர். ஆகவே வேறு நகர்வு தேட வேண்டியவர் அவர்தான். தொடர்ந்து செக் கொடுத்தே அந்த நிலையை வரவழைத்தால் மட்டும், யார் முதலில் தொடங்கியிருந்தாலும், செக் கொடுத்தவர் தோற்றவர். ஒரே நிலை என்றால் பலகை, கையிலுள்ள காய்கள், யார் முறை மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாதியில் நின்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் கைக்காய்களும் படத்துக்குள் வர வேண்டும். யார் முறை என்பதற்கு, அடுத்து ஆடுபவர் பக்கம் ஒரு பேனாவை வைத்துவிட்டு எடுங்கள்.

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு தினமும் ரயிலில் போகிறோம். எவர்சில்வர் தட்டில் காந்தக் காய் வைத்து ஆடலாமென்று வாங்கினோம், ஒட்டவே இல்லை.

பாத்திரம் செய்யும் எவர்சில்வரில் பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டாது, அல்லது பேருக்கு ஒட்டும். அந்த உலோகக் கலவை அப்படி. பழைய பிஸ்கட் வந்த தகர டப்பாவின் மூடி நன்றாகப் பிடிக்கும். வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டக்கூடிய காந்தத் தாளில் காய் செய்தால் இன்னொரு சிக்கல் வரும்: அந்தத் தாள் ஒரு பக்கம்தான் பலமாகப் பிடிக்கும், திருப்பிப் போட்டால் நழுவும். குஞ்சைத் திருப்புவதற்குப் பதிலாகக் கோழிக்கென்று தனியாக இரண்டு காய் செய்துகொண்டு மாற்றி வையுங்கள். கைக்காய்களை டப்பாவின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்ளலாம்.

போனில் பழக வழி உண்டா? – அண்ணா நகர்

உண்டு. லிஷோகி தளத்தில் மினி ஷோகியும் கியோட்டோ ஷோகியும் (இதைப் பற்றி அடுத்த பதிலில்), பைசெஸ் தளத்தில் அவற்றோடு டோபுட்சுவும் இலவசமாக ஆடலாம். ஜப்பானிய எழுத்துக் காய் புரியாவிட்டால் அமைப்புக்குள் போய்ப் படக் காய்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மினி ஷோகி கைக்கு வந்துவிட்டது. அதே 5×5 பலகையில் வேறு ஏதாவது? – கோரிப்பாளையம்

கியோட்டோ ஷோகி ஆடுங்கள். தமியா கட்சுயா 1970-களில் உருவாக்கியது. ஆளுக்கு ஐந்தே காய், சிப்பாய் வரிசை கிடையாது. இடமிருந்து வலமாக தோகின், வெள்ளி, ராஜா, தங்கம், சிப்பாய். தோகின் தங்கத்தைப் போலவே நடக்கும். ராஜாவைத் தவிர எந்தக் காயும் ஒவ்வொரு முறை நகர்ந்ததும் திருப்பப்பட வேண்டும். தோகினின் மறுபக்கம் ஈட்டி, முன்னால் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் நேராகப் போகும். வெள்ளியின் மறுபக்கம் பிஷப். தங்கத்தின் மறுபக்கம் குதிரை, ஆனால் ஷோகிக் குதிரை முன்னால் இரண்டு கட்டம் தாண்டிப் பக்கவாட்டில் ஒன்று என்ற இரண்டே இடத்துக்குத்தான் பாயும். சிப்பாயின் மறுபக்கம் ரூக். கைக்காயை இரண்டில் எந்தப் பக்கமாகவும் இறக்கலாம். அதாவது எதிராளி கையில் ஒரு சிப்பாய் இருந்தால் அதை ரூக் என்றே கணக்கில் எடுங்கள்.

இதில் ஆட்டம் கெடுவது திருப்ப மறப்பதால்தான். நகர்த்திவிட்டுப் பிறகு திருப்பலாம் என்று நினைத்தால் யோசனையில் விட்டுப்போகும். இரண்டு நகர்வு கழித்துக் கவனித்தால் சரிசெய்யவும் முடியாது. காயைத் தூக்கும்போதே விரலில் புரட்டி, புரட்டிய பக்கமாகவே வைக்கப் பழகுங்கள். அட்டைக் காய் செய்தால் ஒரு பக்கத்தை வெள்ளையாகவும் மறுபக்கத்தை மஞ்சளாகவும் வைத்தால், திருப்பாமல் விட்டது எதிராளியின் கண்ணிலும் உடனே படும்.